காலை ஏழே கால்: கொட்டகலை, டயகம வழியாக ஒரு மன்னிப்புப் பயணம்

டயகம பற்றி இரண்டு வருடங்களுக்கு முன் இந்த வலைப்பூவில் நான் எழுதிய பதிவு எங்கே போனது என்று ஏழெட்டுப் பேர் கேட்டுவிட்டீர்கள். பஸ் நேரம், ஆட்டோக் கட்டணம் எல்லாம் அதில் இருந்ததே, ஏன் தூக்கினீர்கள் என்று ஒருவர் உரிமையோடு கோபித்தும் இருந்தார். தூக்கியது நான்தான். அந்தப் பதிவில் பாதி ஊர்ச் செய்தி, மீதி என் பெருமை. அந்தப் பெருமையை இப்போது என்னால் வாசிக்க முடிவதில்லை. கடந்த ஜூலையில், ஒரு வெள்ளி முதல் ஞாயிறு வரை, மறுபடி அதே பாதையில் போய் வந்தேன். இம்முறை போனது ஊர் பார்க்க அல்ல, இரண்டு பெண்பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்க. பயணத்துக்கு வேண்டிய நேரமும் கட்டணமும் இதில் சரியாக இருக்கும். பிள்ளைகளின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். பாடசாலையின் பெயரும் தோட்டத்தின் பெயரும் இதில் இல்லை, பின்னூட்டத்தில் கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

கொழும்பு கோட்டையிலிருந்து காலை 5.55 ரயில். மூன்றாம் வகுப்பு, முன்பதிவு இல்லாமல், கொட்டகலைக்கு 320 ரூபா. ஐந்து மணிக்கே நிலையத்தில் நின்றால்தான் உட்கார இடம் கிடைக்கும். நான் 5.10க்குப் போய், கடைசியாக மிஞ்சியிருந்த சன்னலோர இருக்கையைப் பிடித்தேன். ரம்புக்கனை தாண்டி ஏற்றம் தொடங்கியதும் வெளிநாட்டுப் பயணிகள் கதவில் தொங்கிப் படம் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். போன தடவை நானும் அப்படித் தொங்கியவள்தான், எனவே அவர்களைத் திட்டும் தகுதி எனக்கு இல்லை. ஆறு மணி நேரம் உட்கார்ந்து வருகிறவருக்கு யோசிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. நான் யோசித்ததை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதிப் பயணம் விளங்காது.

கொழும்பில் சுகாதாரக் கல்விப் பயிற்சி கொடுப்பது என் தொழில். டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் அப்போது ஒரு திட்டம் நடத்தினோம். பெரியவர்கள் சொல்லிக் காதில் ஏறாதது, பக்கத்து வாங்கில் உட்கார்ந்து படிப்பவள் சொன்னால் ஏறும். அதுதான் திட்டத்தின் அடிப்படை. பத்தாம் வகுப்பில் ஆறு பேரைத் தெரிவு செய்து, மூன்று நாள் பயிற்சி கொடுத்து, மற்றப் பிள்ளைகளோடு பேச விட்டோம். இரத்தச்சோகை, மாதவிடாய், பல், மனக்கவலை, வெற்றிலை, எல்லாம்தான். அந்தப் பாடசாலையில் விஞ்ஞானத்துக்கு ஒரே ஆசிரியர். மயங்கி விழுகிற பிள்ளையைப் படுக்க வைக்க ஒரு கட்டில்கூடக் கிடையாது. காலைக் கூட்டத்தில் வாரத்துக்கு இரண்டு பேராவது விழுவார்கள், வெறும் சாயத் தேநீரோடு மூன்று கிலோமீற்றர் நடந்து வந்தால் வேறென்ன நடக்கும்?

அந்த ஆறு பேரில் நிலூஜாதான் சூட்டிகை. பதினாறு வயது. நான் படங்கள் காட்டி அரை மணி நேரம் விளக்கியதை அவள் இரண்டு வரியில் முடித்துவிடுவாள். “சோறு தின்ன கையோட டீ குடிக்காதீங்கடி. தின்னதுல இருக்கிற சத்தெல்லாம் அந்த டீயே தின்னுரும்.” ஒரு மாதத்தில் காலைக் கூட்டத்தில் விழுகிறவர்கள் குறைந்துபோனார்கள். இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும் நாளில் அவளே தண்ணீர்ப் போத்தலோடு வாசலில் நிற்பாள். நான் அவளைப் பற்றிப் போகிற இடமெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

ஆறு பேருக்கும் ஒவ்வொரு பதிவேடு கொடுத்திருந்தேன். திகதி, நேரம், பெயர், வகுப்பு, கேட்ட விடயம், ஆசிரியர் ஒப்பம் என்று ஆறு கட்டங்கள். கொழும்பில் என் மேசையில் உட்கார்ந்து நானே அளந்து போட்ட கட்டங்கள். மாதம் ஒரு முறை பக்கங்களைப் படம் பிடித்து எனக்கு அனுப்ப வேண்டும். பிள்ளைகள் இந்தப் பேச்சு வகுப்புக்குப் ‘பெரட்டு’ என்று பெயர் வைத்தார்கள். தோட்டத்தில் காலையில் தொழிலாளரை வரிசையில் நிறுத்திப் பெயர் குறித்து வேலைக்கு அனுப்புவதுதான் பெரட்டு. “இன்னைக்குப் பெரட்டு இருக்காக்கா?” என்று நிலூஜாவைக் கேட்பார்கள். நான் அதைப் பெரிய நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு இந்த வலைப்பூவிலும் எழுதினேன். அதில் ஓர் எச்சரிக்கை இருந்தது எனக்கு உறைக்கவே இல்லை.

எட்டாம் வகுப்பில் பவித்ரா என்று ஒரு பிள்ளை. அம்மா குவைத்தில் வீட்டு வேலையில், அப்பா கொழும்பில் கடையில், பிள்ளை அத்தை வீட்டில். தை மாதம் அவள் பெரிய பிள்ளையானாள். அம்மா சித்திரைக்கு வருவதாக இருந்தது. வந்த பிறகு சொல்லலாம், அம்மா கையால் முதல் தண்ணீர் ஊற்றட்டும், அதுவரை யாருக்கும் தெரிய வேண்டாம் என்பது பதின்மூன்று வயதுப் பிள்ளையின் திட்டம். மூன்று மாதம் எப்படிச் சமாளிப்பது என்று அவள் நிலூஜாவிடம் மட்டும் கேட்டாள். நிலூஜா வேண்டியதைக் கொடுத்தாள், அம்மாவுக்கு மட்டுமாவது தொலைபேசியில் சொல்லிவிடச் சொன்னாள், பிறகு நான் சொல்லிக்கொடுத்தபடியே பதிவேட்டில் எழுதினாள். ‘அம்மா வரும்வரை சொல்ல வேண்டாம் என்றாள்’ என்றும் எழுதியிருந்தாள்.

மாதக் கடைசியில் ஒப்பமிட்ட ஆசிரியை அதைக் கண்டார். நல்ல மனுஷி, அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நம் ஊர்களில் இது ஒளித்து வைக்கிற செய்தியா? தாய்மாமனுக்கு ஓடிப்போய்ச் சொல்கிற செய்தி. பஸ்ஸில் அத்தையைக் கண்டதும், “என்ன, எங்களுக்கெல்லாம் சொல்லவே இல்ல?” என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டார். அத்தைக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாமனுக்குக் கோபம், நடந்து மூன்று வாரமாகியும் தனக்குச் சொல்லவில்லை என்று. ருது ஜாதகம் எழுத நாளும் நேரமும் வேண்டும். பவித்ரா வாயைத் திறக்கவில்லை. அப்போதுதான் யாரோ அந்தப் பதிவேட்டை நினைவுபடுத்தினார்கள். நிலூஜாவின் வீட்டுக்கு இரண்டு நாள் ஆள்மேல் ஆள் போனார்கள். அவளுடைய அப்பாவே திட்டினார், கோயிலில் வைத்து நாலு பேர் கேட்டார்கள். அவள் கொடுக்கவில்லை.

மூன்றாம் நாள் அத்தை பாடசாலையில் என் இலக்கத்தை வாங்கி எனக்கு அழைத்தார். “மிஸ், நல்ல காரியம். நாளும் நேரமும் மட்டும் சொன்னீங்கன்னா போதும்” என்றார். நான் வெள்ளவத்தையில் ஒரு கடை வரிசையில் நின்றேன். கைத்தொலைபேசியில் படத்தைத் தேடி எடுத்து, “பதினாறாம் திகதி, காலை ஏழே கால்” என்று வாசித்துவிட்டு வாழ்த்தும் சொன்னேன். பக்கத்துக் கட்டத்தில் இருந்த ‘சொல்ல வேண்டாம்’ என்ற வரியும் கண்ணில் பட்டது. வரிசை நகர்ந்தது, நானும் நகர்ந்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. அன்று மாலைதான், காலையில் நிலூஜா அனுப்பியிருந்த செய்தியைப் பார்த்தேன். “மிஸ், புக்கைக் கேக்கிறாங்க. நான் குடுக்க மாட்டேன்.” கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்றைப் பதிலாக அனுப்பினேன்.

நேரம் பதிவேட்டிலிருந்து வந்தது என்று மட்டும் அத்தை எல்லோரிடமும் சொன்னார், யார் வாசித்தது என்று சொல்லவில்லை. பதிவேடு இருந்தது நிலூஜாவிடம். ஆகவே காட்டிக் கொடுத்தவள் நிலூஜா என்று பாடசாலை முழுவதும் முடிவாகிவிட்டது. அதன் பிறகு ஒரு பிள்ளைகூட அவளிடம் எதையும் கேட்கவில்லை. ஆசிரியை இதை எனக்கு எழுதியபோது, அடுத்த முறை போகும்போது நேரில் சொல்லிச் சரிசெய்யலாம் என்று நினைத்தேன். திட்டக் காலம் முடிந்தது, அடுத்த முறை வரவே இல்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

ரயில் இருபது நிமிடம் பிந்தி 11.55க்குக் கொட்டகலையில் நின்றது. நிலையத்திலிருந்து கடைத்தெருவுக்கு நடை தூரம். மரக்கறிச் சோறு 350 ரூபா, நன்றாக இருந்தது, என்னால்தான் சாப்பிட முடியவில்லை. நிலூஜா இப்போது இங்கே சித்தி வீட்டில் தங்கி உயர்தரம் படிக்கிறாள். இரண்டு மணிக்குப் பிரதான வீதியில் உள்ள பேக்கரிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். 1.50க்கே வந்துவிட்டாள். சீருடையில், குடையோடு, என்னைவிட உயரமாக. தேநீர் வேண்டாம் என்றாள், ரோல்ஸும் வேண்டாம் என்றாள். நான் ரயிலில் ஒத்திகை பார்த்த முன்னுரையெல்லாம் மறந்துபோயிற்று.

“அந்த நேரத்தைக் குடுத்தது நான்தான், நிலூஜா.”

“தெரியும் மிஸ்.”

எப்படி என்று கேட்டேன்.

“அவளுக்கு மொத நாள் சாயந்தரமே ஆயிருச்சு. ஏழே காலுங்கிறது மறுநாள் அவ ஸ்கூல் கேட்டுக்கிட்ட வந்து என்கிட்ட சொன்ன நேரம். நேரம்னு ஒரு கட்டம் போட்டிருந்தீங்கல்ல, அதுல எழுதினேன். ஜாதகத்துல ஏழே காலுன்னு இருக்குன்னு கேட்டதுமே புரிஞ்சுபோச்சு. புக்கு எங்க வீட்டு அரிசி வாளிக்குள்ள இருந்துச்சு. போட்டோ உங்ககிட்ட மட்டுந்தான் இருந்துச்சு.”

பிள்ளைகள் எந்த நேரத்தில் அதிகம் பேச வருகிறார்கள் என்று பார்க்கத்தான் அந்தக் கட்டத்தைப் போட்டேன். அதை வைத்து ஒரு பிள்ளையின் ஜாதகமே எழுதப்பட்டிருக்கிறது, அதுவும் பிழையாக. இது எனக்கு அந்த நிமிடம்வரை தெரியாது.

“இவ்வளவு நாளும் யார்கிட்டயும் ஏன் சொல்லல?”

“சொன்னா நீங்க வர மாட்டீங்க, மாத்திரையும் வராதுன்னு நெனச்சேன்.” குடையை மடித்துக் கட்டியபடி, “அப்புறம் நீங்க எப்படியும் வரல” என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் வரவில்லை என்று சொல்வார்களே, அந்தக் குரலில்தான் சொன்னாள். நான் அழுதேன். பேக்கரிக்காரர் எங்கள் பக்கம் பார்க்காமல் கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிலூஜா பொறுமையாக இருந்துவிட்டு, “பெரட்டுல பேர் போட்டா அது தோட்டத்துத் தொரை வரைக்கும் போகும்னு எங்க ஊர்ல சின்னப் புள்ளைக்கும் தெரியும் மிஸ். நீங்கதான் போகாதுன்னு சொன்னீங்க. நானும் நம்பிட்டேன்” என்றாள்.

இப்போது பிள்ளைகள் யாராவது அவளிடம் பேச வருகிறார்களா என்று கேட்டேன். இப்போது படிக்கும் பாடசாலையில் வருகிறார்கள், லீவுக்குத் தோட்டத்துக்குப் போனால் தன்னைக் கண்டதும் பேச்சை மாற்றிவிடுகிறார்கள் என்றாள். நாளை பவித்ராவைப் பார்க்கப் போகலாமா என்று அனுமதி கேட்டேன்.

“போங்க. ஆனா உங்களப் பத்தி மட்டும் பேசுங்க. என்னைப் பத்திப் பேசாதீங்க.”

பேசுவதில்லை என்று வாக்குக் கொடுத்தேன். 2.40க்கு டியூஷன் என்று எழுந்து போனாள். கொட்டகலையிலிருந்து ஹட்டனுக்கு பஸ் 50 ரூபா, இருபது நிமிடம். ஹட்டனில் விடுதி அறை 4,500 ரூபா. சுடுநீர் உண்டு என்று பலகையில் எழுதியிருக்கும், அதை நம்பித் தலைக்கு எண்ணெய் வைத்துவிடாதீர்கள்.

சனிக்கிழமை காலை 6.30க்கு ஹட்டனிலிருந்து டயகம பஸ். 250 ரூபா. முன்தினம் வந்த கொட்டகலை வழியாகவே திரும்பி, தலவாக்கலை, லிந்துலை, அக்கரப்பத்தனை என்று போகும். கொட்டகலை தாண்டியதும் இடப்பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு அருவி தெரியும். எனக்குப் பனியும் எதிர்ச் சன்னல்காரரின் தலையும் தெரிந்தன. 8.55க்கு டயகம. தோட்டத்துக்கு ஆட்டோ 600 ரூபா, நாலு கிலோமீற்றர், பாதை அவ்வளவு மோசம். எந்த லயம், அதாவது எந்த வரிசை வீடு என்று ஓட்டுநர் கேட்டார். அடையாளம் சொன்னேன்.

“பெரிய சடங்கு நடந்த வீடுங்களா? அடேங்கப்பா, நான்தாங்க சவுண்டு பொக்ஸெல்லாம் ரெண்டு ட்ரிப் ஏத்தினேன். பந்தல் அந்த ரோட்டு முடக்கு வரைக்கும்ங்க. ஊரே வந்துச்சு.” வழி முழுக்க அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார். அவருக்கு அது நல்ல நினைவு.

பவித்ரா வீட்டு வாசலில் பாடசாலைச் சப்பாத்து கழுவிக்கொண்டிருந்தாள். இப்போது பத்தாம் வகுப்பு. என்னை அடையாளம் தெரிந்தது, ஆனால் எழுந்திருக்கவில்லை. அத்தைதான் பதறி நாற்காலி போட்டு, “வாங்க மிஸ், உக்காருங்க” என்று உபசரித்தார். அவரிடம் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. பிள்ளையைத் தன் பிள்ளையாக வளர்க்கிறவர். நான் இரண்டு பேருக்கும் கேட்கும்படி சொன்னேன். நேரத்தைச் சொன்னது நான், சொல்லக்கூடாது என்று எழுதியிருந்ததையும் வாசித்துவிட்டுத்தான் சொன்னேன், அந்த நேரமும் நடந்த நேரம் அல்ல.

“அய்யோ மிஸ், அந்த நேரத்துக்குத் தோஷம்னு எழுதி வாங்கி வச்சிருக்கோமே. பரிகாரமெல்லாம் பண்ணோமே” என்றார் அத்தை. பிறகு தனக்குத் தானே சொல்வதுபோல, “இப்ப யார்கிட்டப் போய் மாத்தி எழுதச் சொல்றது” என்று கேட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பவித்ரா சப்பாத்தைக் கீழே வைத்தாள். “அப்ப அக்கா சொல்லலியா?”

நிலூஜாவைப் பற்றிப் பேசுவதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தேன். “சொன்னது நான்தான். நான் மட்டும்தான்” என்றேன்.

“ரெண்டு வருஷமா நான் அவங்ககூடப் பேசல. எதுக்கால வந்தாக்கூட மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போயிருக்கேன்.” அழவில்லை. ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துத் துடைத்து அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். சித்திரைக்கு வரவில்லை. சடங்குதான் முடிந்துவிட்டதே, இப்போது வந்து என்ன என்று அங்கேயே இன்னும் ஒரு வருடம் நின்றிருக்கிறார். பிறகு ஒரு மாதம் வந்து இருந்துவிட்டுத் திரும்பவும் போய்விட்டார். சடங்கன்று தொலைபேசியில் காட்டினார்களாம், தாய்மாமன் வீட்டு மாமி தண்ணீர் ஊற்றும்போது சிக்னல் போய்விட்டதாம்.

இதையெல்லாம் எழுதலாமா, வேண்டாம் என்றால் ஒரு வரிகூட எழுத மாட்டேன் என்றேன்.

“எழுதுங்க மிஸ். எல்லாருக்குந்தான் தெரியுமே. ஊரே வந்து சாப்பிட்டுட்டுப் போச்சு. அம்மா மட்டுந்தான் சாப்பிடல.”

புறப்படும்போது நிலூஜாவின் இலக்கத்தைக் கேட்டாள். என் கையில் இருந்தது. “அவகிட்டக் கேட்டுட்டுத் தர்றேன்” என்றேன். பவித்ரா என்னை நேராகப் பார்த்து, “இப்ப மட்டும் கேக்கிறீங்க” என்றாள். அத்தை கொண்டுவந்து தந்த தேநீரைக் குடித்து, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். டயகமவிலிருந்து திரும்ப மாலை நான்கு மணிக்கு மேல் பஸ்ஸை நம்ப வேண்டாம், நான் 1.15 பஸ்ஸைப் பிடித்தேன். ஜூலையில் மழையும் காற்றும் ஓயாது, குடையைவிட மழைக்கோட்டு நல்லது. அட்டைக்கு உப்போ சவர்க்காரமோ கொண்டுபோங்கள். அக்கரப்பத்தனைக்கு அப்பால் சிக்னலை எதிர்பார்க்காதீர்கள். புத்தகமும் பையும் சுகாதாரப் பொருட்களும் எடுத்துக்கொண்டு தோட்டப் பாடசாலைகளுக்குப் போகும் வாசகர்கள் உங்களில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். கொண்டு போங்கள், அங்கே எல்லாமே தேவைதான். ஆனால் பிள்ளைகளின் பெயர்களை எழுதிக்கொண்டு வராதீர்கள். எத்தனை பேர் என்ற எண்ணிக்கை போதும், அதற்குக் கோடு போட்டால் போதும். உயிருக்கு ஆபத்து, யாராவது துன்புறுத்துகிறார்கள் என்றால் பொறுப்பான பெரியவரிடம் போயே ஆக வேண்டும், அதைப் பிள்ளையிடமும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மற்றதெல்லாம் அந்தப் பிள்ளைக்கும் அவள் நம்பிச் சொன்னவளுக்கும் இடையில் உள்ளது. அது தெரியாமல் பதினைந்து வருடம் மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறேன்.

அக்கரப்பத்தனையில் சிக்னல் வந்ததும், பவித்ரா இலக்கம் கேட்கிறாள், கொடுக்கட்டுமா என்று நிலூஜாவுக்கு எழுதினேன். அன்று பதில் இல்லை. ஞாயிறு ஹட்டன் நிலையத்தில் கொழும்பு ரயிலுக்குக் காத்திருந்தபோது வந்தது. “நம்பர் வேணாம் மிஸ். வீடு எனக்குத் தெரியும்.”

அவள் போனாளா என்று நான் இதுவரை கேட்கவில்லை.